கம்பியும் காந்தமும்

பழனிமலைத் தொடரின் உச்சியிலுள்ள கோடைக்கானலில் மேல்நாட்டு இசைக்கருவிகளின் ஒலி புதுமையானதன்று. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று பன்னாட்டுப் பள்ளியாக விளங்கும் கல்விக்கூடத்திலும், ஊரிலுள்ள தேவாலயங்களிலும், பியானோவும் வயலினும் கிட்டாரும் நெடுங்காலமாக ஒலித்து வருகின்றன. இவற்றுள் மின்சாரக் கிட்டாரைப் பற்றி, அதிலும் அதன் பிக்கப் என்னும் சிறு உறுப்பைப் பற்றி, இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் மின்சாரக் கிட்டாருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு பௌதிகப் பாடத்தின் வழியே வந்தது.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர், சீசன் மாதங்களில் விடுதிகளில் மாலைதோறும் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறார். ஞாயிறன்று தேவாலயப் பாடகர் குழுவுக்கும் வாசிக்கிறார். அவருடைய கருவி ஓயாமல் இரைகிறது, ஒலியும் மெலிந்திருக்கிறது. “பிக்கப் மூன்றையும் மாற்றிவிடலாமா, ஐயா?” என்று கேட்டு வந்தார். அதற்கு ஆகும் செலவோ அவருடைய இரண்டு மாத வருவாய். அதே பணத்தைத்தான் தங்கையின் செவிலியர் படிப்புக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஆகவே, அவருடைய வினா இசையைப் பற்றியது மட்டுமன்று; ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பற்றியதும் ஆகும்.

பிக்கப் என்பது யாது? காந்தமும், அதைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளுமே அது. தலைமயிரினும் மெல்லியதான கம்பி, பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். காந்தம் தன் மேலே செல்லும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் புலம் மாறுகிறது. மாறும் புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி இதுவேயாகும். அதனைக் கிட்டாரில் பொருத்தி, அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1931-ஆம் ஆண்டில் ஒரு கருவியை உருவாக்கினார். வாணலி போன்ற அதன் வடிவத்தால், ‘பொரிக்கும் சட்டி’ என்னும் செல்லப் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பிக்கப் காற்றில் வரும் ஓசையைக் கேட்பதில்லை. இரும்புத் தன்மையுள்ள தந்தியின் அசைவையே உணர்கிறது. நைலான் தந்திக்கு அது செவிடு. வீணையில் காந்தப் பிக்கப்பைப் பொருத்தினால் எஃகுத் தந்திகள் உரக்கவும், பித்தளை சுற்றிய மந்தரத் தந்திகள் அடங்கியும் ஒலிப்பது இதனாலேயே. அத்தகைய கருவிகளுக்கு, உடலில் ஒட்டி அதிர்வை வாங்கும் வேறு வகைப் பிக்கப் பொருத்தமாகும்.

இனி இரைச்சலுக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. விளக்கும் மின்மாற்றியும் பரப்பும் அந்த அலையை, தனிச்சுருள் பிக்கப் ஆன்டெனாவைப் போல வாங்கிக்கொள்கிறது. இதற்கு மாற்றாக, கிப்ஸன் நிறுவனத்தில் பணிபுரிந்த சேத் லவர் 1955-ஆம் ஆண்டில் இரட்டைச்சுருள் அமைப்பை உருவாக்கினார். இரு சுருள்களின் காந்த முனைகளும் எதிரெதிர். அவற்றின் மின் இணைப்பும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழிக்கிறது. தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒத்துப் பிறந்து கூடுகிறது. ‘ஹம்பக்கர்’ என்று இதனை அழைப்பர். எனினும், தனிச்சுருளுக்கே உரிய கண்ணாடி போன்ற தெளிவில் ஒரு பகுதி இதில் குறையும். ஒன்றைப் பெற ஒன்றை விடவேண்டியதே.

ஆனால், மாற்றுவதற்கு முன் சோதிப்பது அறிவுடைமை. அந்த இளைஞரிடம் முதலில் தந்திகளை மாற்றச் சொன்னேன். மஞ்சுபடியும் ஊரில் எஃகு விரைவில் துருவேறும். துருவேறிய தந்திக்கு எந்தப் பிக்கப்பும் உயிரூட்டாது. அடுத்து, கம்பி செருகும் துளையையும் ஒலியளவுத் திருகையும் துடைக்கச் சொன்னேன். ஈரம் அங்கும் புகுந்து கரகரப்பை உண்டாக்கும். மூன்றாவதாக, தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர் தொட்டபோது குறையவில்லை. திறந்து பார்த்தால், தந்தி தாங்கியிலிருந்து உள்ளே செல்லும் எர்த் கம்பி, ஈயப்பற்று விட்டுத் தனியே கிடந்தது. வானொலி பழுதுபார்ப்பவர் ஒருவர் சிறு தொகைக்கு அதனைப் பற்றவைத்தார். இரைச்சலில் பெரும்பகுதி அன்றே நீங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரைச்சல் அடங்குகிறது என்பதற்காக ஒலிபெருக்கிக் கருவியின் எர்த் முள்ளைச் சிலர் வெட்டிவிடுகின்றனர். இது உயிருக்கு உலை வைக்கும் செயல். கையில் தந்தியும் உதட்டருகே ஒலிவாங்கியும் இருக்கையில், எர்த் இல்லாத கருவியில் மின்கசிவு நேர்ந்தால் மின்சாரம் உடலின் வழியே பாயும். அரங்கத்தின் மின் இணைப்பைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பதே முறை.

இவ்வளவுக்குப் பின்னும், பாலத்தருகே உள்ள பிக்கப் ஒன்று மட்டும் அவருக்கு மெலிவாகவே கேட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தோம். தேர்வில் கவனித்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது இடம். அவருடைய கருவியில் இருந்தது தனிச்சுருளுக்கான குறுகிய பள்ளம். அகன்ற ஹம்பக்கரை வைக்க மரத்தைக் குடையவேண்டும். குறுகிய பள்ளத்திலேயே அடங்கும் ஹம்பக்கர்களும் விற்கப்படுகின்றன, குடையாமல் தப்பினோம்.

இரண்டாவது மின்தடை. விற்பனைக் குறிப்பில் இத்தனை கிலோ ஓம் என்று எழுதியிருப்பார்கள். எண் பெரிதானால் ஒலியும் பெரிது என்று எண்ணிவிடலாகாது. கம்பியின் பருமனையும் காந்தத்தின் வகையையும் பொறுத்து அது வேறுபடும். செம்பின் தடையோ வெப்பத்தோடு ஏறி இறங்கும். 35 பாகை வெப்பமுள்ள மதுரைக் கடையில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், 10 பாகைக் குளிரில் கோடைக்கானல் காலையில் ஏறத்தாழ 7.3 மட்டுமே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினங்கொள்ள வேண்டுவதில்லை.

மூன்றாவது திருகு. தனிச்சுருளுக்கு 250 கிலோ ஓம் திருகும், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் திருகும் வைப்பது வழக்கம். சிறு திருகு உச்ச ஒலிகளை மங்கச் செய்யும். பெரியது அவற்றைத் துலங்க விடும். மாற்றியபின் ஒலி மங்கியோ கூசியோ இருந்தால், பிக்கப்பைப் பழிப்பதற்குமுன் இதனைப் பார்க்கவேண்டும்.

நான்காவது இணக்கம். பழைய பிக்கப்பையும் புதியதையும் சேர்த்து ஒலிக்கும்போது ஒலி மூக்கடைத்தாற்போல் மெலிந்தால், இரண்டும் எதிர்நிலையில் இருக்கின்றன என்று பொருள். புதியதன் இரு முனைக் கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

ஐந்தாவது, நம் சங்கீதத்துக்கு மிகவும் வேண்டியது, தூரம். காந்தத்தைத் தந்திக்கு மிக அருகே உயர்த்தினால் ஒலி பெருகும். ஆனால் காந்தமும் தந்தியை இழுக்கும். இழுபட்ட தந்தியின் சுருதி பிசகும். நாதம் விரைவில் அடங்கும். மேல்நாட்டு மெட்டில் பொறுத்துக்கொள்ளலாம்; கமகத்தில் பொறுக்க இயலாது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் கிட்டார் பிரசன்னாவும் மின்சாரத் தந்தியில் கர்நாடக சங்கீதத்தை நிலைநாட்டினர் எனில், அங்கே சுருதியின் சுத்தமே முதல் நிபந்தனையாகும். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திய நிலையில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்கி, காதைக் கொண்டு திருத்துவது நல்லது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பவருக்கு, தனித்தனி முனைகளைக் காட்டிலும் நீண்ட பட்டை வடிவக் காந்தம் உதவும்; இழுத்த தந்தி காந்தத்தை விட்டு விலகுவதில்லை அன்றோ!

ஒரு பிக்கப்பின் விலை போக எஞ்சிய பணம் தங்கையின் கட்டணத்துக்கே போயிற்று. கழற்றிய பழைய பிக்கப்பையும் துணியில் பொதிந்து பத்திரப்படுத்தச் சொன்னேன். புதியது மனத்துக்கு ஒவ்வாவிட்டால் திரும்ப வழி இருக்கவேண்டும்.

விலையுயர்ந்த பொருளே சிறந்தது என்பது சந்தையின் வாதம். குறை எங்கே இருக்கிறதென்று முதலில் கண்டு, அந்தக் குறைக்குப் போதுமான அளவே செலவிடுவது கல்வியின் வாதம். கிட்டார் வைத்திருக்கும் இளைஞர்கள் கடைக்குப் புறப்படுமுன் ஒரு மாலை தம் கருவியோடு அமர்ந்து, தொட்டும் திருகியும் கேட்டும் பார்ப்பார்களாக. வாங்கவேண்டியது எது என்பதைப் பெரும்பாலும் கருவியே சொல்லிவிடும்.