நான்கறிவு உயிரும் இல்லறத்தார் கடமையும்

(மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராஜா அண்ணாமலைபுரத்தில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா அமைந்துள்ளது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கர் நிலம் சீர்செய்யப்பெற்று, இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகள் நடப்பெற்று, 2011ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. மாணவர்கள் அங்கே சென்று சூழலியலைக் கண்ணாரக் கண்டு கற்கின்றனர். பெயரும் இடத்திற்குப் பொருந்தியதே. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்குமிடத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக வைக்கிறது. கழிமுகச் சேற்றில் நண்டும் கரைப் பூக்களில் தும்பியும் அங்கே அருகருகே வாழ்கின்றன.

உமாஸ்வாமி ஆசாரியரும் தத்துவார்த்த சூத்திரத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்று ஒவ்வொரு பொறி மிகுந்துவரும் வரிசையைக் காட்டுகிறார். வண்டிற்கு ஊறு, சுவை, நாற்றம், காட்சி என நான்கு. முனிவர் ஆகாரம் ஏற்கும் முறைக்குப் ‘பிராமரி’ என்னும் பெயர் வழங்குவதும் வண்டினாலேயே. மலருக்கு நோவின்றி வண்டு உண்பதுபோல, இல்லறத்தார்க்குச் சுமையின்றி முனிவர் உண்பர் என்பது அதன் கருத்து.

தேன், கள், ஊன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சாவகரின் மூலகுணங்களுள் அடங்கும். தமிழ்ச் சமணர் இல்லங்களில் இது குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஆயினும் ஒரு வினா எழுகிறது: தேன் உண்ணாமை ஒன்றினாலேயே வண்டினம் காக்கப்பட்டுவிடுமா?

பம்பிள்பீ எனப்படும் உரோமம் அடர்ந்த பெருவண்டு குளிர்நாடுகளில் வாழ்வது. இந்தியாவில் இமயமலைப் பகுதிக்கு உரியது. பிரிட்டனில் அதன் ஓரினம் 2000ஆம் ஆண்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதன் தேனுக்காக எவரும் அதைக் கொல்லவில்லை. பூக்கள் நிறைந்த புல்வெளிகள் உழவுக்காக அழிக்கப்பட்டபோது, வண்டின் உணவும் உறைவிடமும் உடன் அழிந்தன. ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் டேவ் கூல்சன் 2006இல் இவ்வண்டுகளைக் காக்கவே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆய்வுக்கூடத்தில் அறிந்ததைத் தோட்டம் வைத்திருக்கும் எளிய மக்களிடம் கொண்டு சேர்ப்பது அதன் பணி.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் ‘பிரமத்த யோகம்’ முதலிடம் பெறுகிறது. விழிப்பின்மையால் உயிருக்கு நேரும் கேடும் இம்சையே. அப்புல்வெளிகளின் வரலாறு இவ்விலக்கணத்திற்குத் தக்க சான்றாகும்.

சென்னையில் பம்பிள்பீ இல்லை. அதன் தொழிலைக் கருந்தச்சு வண்டும் நீலவரித் தேனீயும் செய்கின்றன. தக்காளி, ஆவாரை ஆகியவற்றின் மகரந்தப் பைகள் நுனியில் திறப்புடையவை. மலரைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் வண்டிற்கே அம்மகரந்தம் எளிதில் உதிரும். தச்சு வண்டு பட்டமரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டையிடும். நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டும். இவை மனிதர் எடுத்துண்ணத்தக்க தேனடை எதையும் கட்டுவதில்லை. ஆகவே தேன் விலக்கும் விரதம் இவற்றைத் தொடுவதேயில்லை. மண் முழுவதும் சிமெண்டால் மூடப்படும்போதும், பட்ட கிளை ஒன்றும் விடாமல் அகற்றப்படும்போதும், பூத்த செடியில் பூச்சிமருந்து தெளிக்கப்படும்போதும் இவற்றின் குடி அழிகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மலைத்தேனீ கூடு கட்டினால், ஆளழைத்து நெருப்போ நஞ்சோ இடும் வழக்கமும் உண்டு. கொல்வோம் என்று துணிந்து செய்வது சங்கற்ப இம்சை. இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டவற்றுள் அதுவே முதலாவது. மலைத்தேனீ பருவந்தோறும் இடம்பெயரும் இயல்புடையது. பூக்காலம் முடிந்ததும் தானே அகன்றுவிடும். குழந்தைகள் நடமாடும் இடமெனில் அச்சம் நியாயமானதே. அப்போதும் அவ்வழியை மறித்துச் சன்னலை மூடிச் சில வாரம் பொறுப்பதும், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவரை நாடுவதும் அறத்திற்கு உகந்தன.

மாடியில் ஒரு தொட்டித் தும்பை, வாயிலில் ஓர் ஆவாரை, சுவரோரம் மூடப்படாத ஒரு முழ மண், நிழலில் ஒரு மூங்கில் துண்டு. இவ்வளவே ஓர் இல்லத்தால் இயலும் என்றாலும் போதும். விழாவிற்கு வந்துள்ள சிறுவர்களைப் பெற்றோர் ஒருநாள் தொல்காப்பியப் பூங்காவிற்கு அழைத்துச் சென்று, மலரில் அமர்ந்த வண்டை அருகிருந்து காட்டுதல் நன்று. நான்கறிவு உயிர் என்று ஏட்டில் படித்ததை நேரில் கண்ட பிள்ளை, தேன் ஏன் விலக்கப்பட்டது என்று பின்னர் கேட்க வேண்டியதில்லை.

அனைத்துயிரும் இன்புற்று வாழ்க. அறம் தழைக்க.