தோட்டத்துச் சாளையின் அணையா விளக்கு

(யூபிலி நன்றித் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் உள்ளம் ஆயர்களையும், கோயில் எழுப்பிய குருக்களையும், ஊர் ஊராக நடந்த உபதேசியார்களையும் நன்றியோடு நினைக்கிறது. அது நம் கடமை. ஆயினும் எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறாத ஒருவரை இன்று நினைவுகூர விழைகிறோம். அவர்தாம் நம் தோட்டத்துப் பாட்டி. உங்களில் சிலர் அவரை அப்பத்தா என்று அழைத்தீர்கள். சிலர் அம்மிச்சி என்று அழைத்தீர்கள். நாம் யார் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவரைச் சொன்னால் ஒன்பது பேர் விடுபட்டுப் போவர். ஆகவே உங்கள் வீட்டுப் பாட்டியின் முகத்தை நீங்களே மனக்கண்முன் நிறுத்திக்கொண்டு கேளுங்கள்.

நம் விசுவாசம் நேற்று முளைத்த செடி அன்று. அண்டையிலுள்ள கருமத்தம்பட்டியில் 17-ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க மறை வேரூன்றிவிட்டது. 1850-இல் கோயம்புத்தூர் தனி மறைப்பணிப் பகுதியாயிற்று, 1886-இல் மறைமாவட்டமாயிற்று, 1940-இல் மேதகு உபகாரசுவாமி பெர்னதோத் இம்மண்ணின் முதல் இந்திய ஆயரானார். இவை வரலாற்று ஏடுகளில் உள்ளவை. ஆனால் ஒரு குரு பல ஊர்களுக்குப் பொதுவாயிருந்து, பூசை எப்போதோ ஒருமுறை கிடைத்த அக்காலத்தில், இடைப்பட்ட நாட்களில் விசுவாசத்தைக் காத்தது யார்? சாளைத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து, பரமண்டல மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த பாட்டிதான்.

அவர் வாழ்ந்த வாழ்வு இலகுவானதன்று. நம் அன்னூர்ப் பகுதிக்கு ஆறு கிடையாது. வடக்கே பவானி, தெற்கே நொய்யல், நடுவில் நாம். வானம் பார்த்த காடும், ஆழக் கிணற்றை நம்பிய தோட்டமுமே நம் சொத்து. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. அது வந்து சேராத தோட்டங்களில் விடியுமுன்னே கவலை பூட்டி, எருதுகள் முன்னும் பின்னும் நடந்து பறியால் நீர் இறைத்தன. ஆண்கள் கவலை ஓட்ட, பெண்கள் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டினார்கள். பின்பு எருமை கறந்து, கம்பு குத்தி, களை வெட்டி, பருத்தி எடுத்து, பொழுது சாய்ந்ததும் பருத்திமாரை அடுப்பில் வைத்துச் சோறாக்கினார்கள். அத்தனைக்கும் பிறகு, கண் சொருகும் வேளையிலும், குடும்ப செபமாலை மட்டும் தவறியதில்லை.

இளைஞர்களே, இன்னொன்றையும் கேளுங்கள். இன்று நன்மை வாங்க ஒருமணி நேரம் உண்ணாதிருந்தால் போதும். 1953-ஆம் ஆண்டுவரை நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடப் பருகலாகாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. எருமையைக் கறந்து வைத்துவிட்டு, ஒரு வாய் நீராகாரமும் தொடாமல், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகக் கல் தொலைவு நடந்து பூசைக்கு வந்தவள் அந்தத் தாய். பூசையோ இலத்தீனில் நடந்தது. ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. ஆயினும் மணியோசை கேட்டதும் தலை தாழ்ந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக, பீடத்திலிருந்து தமிழ் ஒலித்தபோது கண்ணீர் விட்டவளும் அவளே. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுவந்தவளும் அவளே. கோயிலின் சுவருக்குள் அந்தப் பிடியரிசியும் இருக்கிறது.

பாட்டியிடம் விசுவாசம் பெறுவது நமக்கு மட்டும் உரிய அனுபவமன்று. திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோயியிடம் குடிகொண்டிருந்ததைப் புனித பவுல் நினைவூட்டுகிறார். 2025-இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமக்குச் செபிக்கக் கற்றுத்தந்தவர் தம் பாட்டி ரோசா என்று பலமுறை சொன்னவர். அந்தப் பாட்டி எழுதிய மடலைத் தம் கட்டளைச் செபநூலுக்குள் வைத்துக் காத்தவர். 2021-இல் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளை அவர் ஏற்படுத்தி, புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளையொட்டி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்கெனக் குறித்தார்.

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மருந்து என்று எண்ணி ஏற்றுக்கொள்ளுங்கள். பாட்டியைப் புகழ்வது எளிது; அவருக்கு உரியதைக் கொடுப்பது அரிது. அந்தத் தோட்டத்தில் ஆயுள் முழுதும் உழைத்தாரே, பட்டாவில் அவர் பெயர் இருந்ததா? "எனக்கெதுக்குங்க சாமி நெலம்? பசங்க நல்லா இருந்தாப் போதுமுங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம். அது தாயின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை மற்றவர்கள் சட்டமாக்கிக்கொள்வது நீதியாகாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு என்ன சொல்கிறது? கணவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் உள்ள கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. இது சலுகையன்று, உரிமை. ஆனாலும் நகையும் சீரும் செய்தோமே என்று சொல்லி, மகளிடமும் தாயிடமும் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்குகிற வழக்கம் நம் நாட்டில் மறையவில்லை. படிக்கத் தெரியாத தாயிடம், படித்துக் காட்டாமல் வாங்கிய கைரேகையை எந்தப் பீடத்தில் காணிக்கையாக வைக்க முடியும்?

2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரை 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திட்டத்துக்காக நம் பாட்டிமார் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார்கள். பலர் காணாமலே கண்மூடினர். நீர் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் பங்காளிச் சண்டையும் ஏறும். எனவே இப்போதே சொல்கிறோம்: பாகம் பிரிக்க உட்காரும் நாளில், தாய்க்கும் உடன்பிறந்தாளுக்கும் உரியதை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு மற்றதைப் பேசுங்கள்.

இன்னும் நம்மிடையே வாழும் பாட்டிமாரிடம் மாலைதோறும் சற்று நேரம் உட்காருங்கள். அவர்கள் அறிந்த பழைய செபங்களையும் பாடல்களையும் எழுதி வையுங்கள். மறைந்தவர்களுக்காகச் சகல ஆத்துமாக்கள் திருநாளில் மட்டுமன்றி, வீட்டுச் செபமாலையின்போதும் ஒரு மந்திரம் சொல்லுங்கள். அவர்கள் ஏற்றிய விளக்கில் எண்ணெய் வார்ப்பது இனி உங்கள் பொறுப்பு.

இறைவன் நம் குடும்பங்களையும் தோட்டங்களையும் ஆசீர்வதிப்பாராக!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!