தேயிலைப் பெட்டியும் கிதாரும்

(பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஆற்றிய உரை)



சங்க ஆபீசின் பின்னறையை வாத்தியம் பழகுவதற்குக் கொடுக்க வேண்டும் என்று ஸ்பின்னிங் பிரிவு வாலிபர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கிதார், ஒரு டிரம், ஒரு பறை. இவ்வளவுதான் சொத்து. இதில் நமக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. "கொடி வைக்கிற இடத்தில் கூத்தா?" என்று மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். "எங்களுக்கு வேறு இடம் ஏது?" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். பீட்டில்ஸ் என்ற இங்கிலீஷ் கோஷ்டியின் படத்தை வேறு சுவரில் ஒட்டிவிட்டார்கள். அதுவும் சேர்ந்து கொண்டது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் அந்தப் படத்திலுள்ள நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கொஞ்சம் படித்திருக்கிறேன். இன்று இங்கிலாந்தில் எண்பது வயதைத் தாண்டிய தொழிலாளியிடம் வாலிபக் காலத்தைப் பற்றிக் கேட்டால், பத்தில் ஒருவராவது "நானும் ஒரு கோஷ்டியில் வாசித்தேன்" என்று ஆரம்பிப்பார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை என்றாலும் அதில் விஷயம் இருக்கிறது. லிவர்பூல் என்ற ஒரே துறைமுகப் பட்டணத்தில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கோஷ்டிகள் இருந்தன. அவற்றைப் பற்றி எழுதுவதற்கென்றே 1961 ஜூலையில் 'மெர்ஸி பீட்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள்.

அவர்களுடைய முதல் வாத்தியம் எது தெரியுமா? தேயிலைப் பெட்டி! பலகையடித்து ஓரத்தில் தகரம் வைத்த பெட்டி. அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, கழியின் தலைக்கும் பெட்டிக்கும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் கும்கும் என்று அடிநாதம் வரும். தாளத்துக்கு, வீட்டில் துணி தேய்க்கிற நெளிதகரப் பலகை. விரலில் தையற்காரர் மாட்டும் உறையைப் போட்டு அதன்மேல் உரசுவார்கள். ஒரு மலிவு கிதார் இருந்துவிட்டால் கோஷ்டி தயார். இதற்கு 'ஸ்கிஃபிள்' என்று பெயர்.

அந்தத் தேயிலைப் பெட்டி எங்கிருந்து போயிற்று? அஸ்ஸாமிலிருந்து போயிற்று, நீலகிரியிலிருந்து போயிற்று, இலங்கையிலிருந்து போயிற்று. இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியது யார்? இங்கிருந்து கடல் கடந்து போன நம் ஜனங்கள். 1948ல் குடியுரிமையைப் பறிகொடுத்த அதே ஜனங்கள். அவர்கள் கிள்ளிய கொழுந்து போன பெட்டியில் சில லிவர்பூல் பையன்களின் கையில் வாத்தியமாயிற்று என்றால் அது மிகையல்ல.

சரி, பாட்டு எங்கிருந்து வந்தது? 1956ல் லானி டானிகன் என்பவரின் ஒரு இசைத்தட்டு இங்கிலாந்து முழுவதையும் பிடித்துக் கொண்டது. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாகாணத்தின் வழியாக ஓடிய ரயில்வேயைப் பற்றிய பாட்டு அது. 1934ல் அந்த மாகாணத்துச் சிறையில் கறுப்பினக் கைதிகள் பாடியதைப் பதிவு செய்திருந்தார்கள். அது சுற்றிச் சுற்றி லண்டனுக்கு வந்து, அங்கிருந்து லிவர்பூல் சந்துகளுக்குப் போயிற்று. பாட்டுக்குச் சுங்கச்சாவடி கிடையாது, தோழர்களே.

அந்தப் பையன்களின் வீடுகளைப் பாருங்கள். ஜார்ஜ் ஹாரிசனின் தகப்பனார் பஸ் தொழிலாளி. ஜான் லெனனின் தகப்பனார் கப்பலில் வேலை பார்த்தவர். பால் மக்கார்ட்னியின் தகப்பனார் பஞ்சு வியாபாரக் கம்பெனியில் விற்பனையாளர். லங்காஷயர் ஆலைகளுக்கு லிவர்பூல் வழியாகப் பஞ்சு போகும். அந்த ஆலைகளோ சரிந்து கொண்டிருந்தன. ஸ்பிண்டிலையும் தறியையும் உடைத்துப் போடுவதற்கு முதலாளிகளுக்குச் சர்க்காரே பணம் கொடுக்க 1959ல் ஒரு சட்டம் வந்தது. நம் தோழர்களுக்கு இது புதுக் கதையல்ல. துறைமுகத்தில் 1967 வரை நிரந்தர வேலை இல்லை. கும்பலாகப் போய் நின்று ஆள் பிடிக்கிறவன் கண்ணில் படவேண்டும். விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரிங்கோ ஸ்டாரின் கதை எனக்குப் பிடித்தமானது. இயற்பெயர் ரிச்சர்ட் ஸ்டார்க்கி. சின்ன வயதில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், படிப்பு ஏறவில்லை. உடற்பயிற்சிச் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். 1957ல் கூட வேலை செய்த வாலிபர்களோடு ஒரு ஸ்கிஃபிள் கோஷ்டி கட்டினார். எங்கே வாசித்தார்கள்? தொழிற்சாலையின் நிலவறையில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், தொழிலாளிகளுக்கு முன்னால்! தாயின் இரண்டாவது கணவர், வெள்ளையடிக்கும் தொழிலாளி, ஒரு பழைய டிரம் செட்டைப் பத்துப் பவுனுக்கு வாங்கி ரயிலில் தூக்கிக் கொண்டு வந்து கொடுத்தாராம்.

இதே 1957ல் லெனனோடு 'குவாரிமென்' கோஷ்டியில் டிரம் அடித்தவர் காலின் ஹாண்டன். நாற்காலி, சோபாவுக்கு மெத்தை கட்டும் தொழிலில் அப்ரண்டிஸ். டிரம்மைத் தவணையில் வாங்கினார். 1959ல் ஒரு சச்சரவில் கோஷ்டியை விட்டு விலகித் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார். 1997ல், ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பிறகு, மிஞ்சியிருந்த பழைய தோழர்கள் கூடியபோது மறுபடியும் குச்சியைக் கையில் எடுத்தார்.

நம் வாலிபர்கள் கேட்பார்கள்: அவர்களுக்கு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைத்தது? திறமை மட்டுமா காரணம்? இல்லை. அதுவரை இங்கிலாந்தில் பதினெட்டு வயதானால் கட்டாய ராணுவ சேவை, இரண்டு வருஷம். அது முடிவுக்கு வந்தது. 1939 அக்டோபரிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களைக் கூப்பிடவில்லை. ரிங்கோவும் லெனனும் பிறந்தது 1940ல். இன்னும் கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தால் கோஷ்டி ராணுவ முகாமில் கலைந்திருக்கும்! இரண்டாவது, அந்த வருஷங்களில் பள்ளியை விட்ட பையனுக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்தது, கையில் சம்பளம் இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருந்தன. மாலை நேரம் அவனுக்குச் சொந்தமாக இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவனுக்கு எந்த வாத்தியமும் பேசாது.

கோஷ்டி வேலையும் கூலி வேலைதான் என்பது 1960 ஆகஸ்டில் ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் பட்டணத்துக்குப் போனபோது தெரிந்தது. வார நாட்களில் இரவுக்கு நாலரை மணி நேரம், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். நாளொன்றுக்குத் தலைக்கு முப்பது மார்க். ஊரில் அப்ரண்டிஸ் சம்பளத்தைவிட அதிகம்தான். ஆனால் படுக்கை எங்கே? ஒரு சினிமாக் கொட்டகைத் திரைக்குப் பின்னால், கக்கூஸுக்குப் பக்கத்தில், குளிரில்.

அந்தச் சமயம் டிரம் அடித்தவர் பீட் பெஸ்ட். இவர் பிறந்தது நம் சென்னையில், 1941 நவம்பரில்! தாயார் மோனா பெஸ்ட் டில்லியில் பிறந்தவர். 1945ல் லிவர்பூல் போய்ச் சேர்ந்தார்கள். 1959ல் அந்த அம்மாள் தன் வீட்டு நிலவறையைப் பையன்களுக்குத் திறந்து விட்டார். சுவருக்கும் கூரைக்கும் அவர்களே வர்ணம் அடித்தார்கள். சங்கப் பின்னறையைப் பற்றி யோசிக்கிற தோழர்கள் அந்த அம்மாளை நினைத்துக் கொள்ளலாம். பீட் பெஸ்டை 1962 ஆகஸ்டில் விலக்கினார்கள். கூட வாசித்த மூவரும் நேரில் சொல்லவில்லை, மானேஜரை விட்டுச் சொல்ல வைத்தார்கள். அது அசிங்கமான காரியம். பீட்டில்ஸ் பிரியர்கள் கோபித்துக் கொண்டாலும் சரி. பிறகு அவர் ரொட்டி ஏற்றும் வேலை பார்த்தார். அதன்பின் வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் சர்க்கார் ஆபீசில் இருபது வருஷம் இருந்தார்.

பழைய நினைவு என்பது சிலரை மறந்துவிடும். ஹாம்பர்க்குக்கு அவர்களோடு வண்டியில் போனவர் 'லார்டு வுட்பைன்' என்று ஊரார் அழைத்த ஹெரால்ட் பிலிப்ஸ். டிரினிடாட்டிலிருந்து 1948ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்த கறுப்பினத்தவர், இரும்பு டிரம் வாசிப்பவர். வெகுகாலம் இவர் பெயரை யாரும் சொல்லவில்லை. பெண்களையும் அப்படித்தான். லிவர்பூலில் நாலு பெண்கள் 'லிவர்பேர்ட்ஸ்' என்று கோஷ்டி கட்டி, கிதாரும் டிரம்மும் தாங்களே வாசித்து, 1964ல் ஹாம்பர்க் போய் நாலு வருஷம் நின்று பிடித்தார்கள். நம் மனுவில் கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஸ்பின்னிங்கில் பாதிக்கு மேல் பெண்கள்!

இனி நம் விவாதத்துக்கு வருகிறேன். இது நமக்கு மட்டும் வந்த விவாதமல்ல. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி 1951ல் அமெரிக்காவால் பிரிட்டிஷ் கலாசாரத்துக்கு வரும் ஆபத்து என்ற பொருளில் ஒரு மாநாடே நடத்தியது. டாலர் ஆதிக்கத்தைப் பற்றி அவர்கள் பயந்தது வாஸ்தவமான பயம்தான். ஆனால் ஆர்க்கன்சா கைதியின் பாட்டும் டாலரும் ஒன்றா? ஈவான் மக்கால் என்ற பெரிய பாடகர், இடதுசாரித் தோழர், தன் மேடையில் ஒவ்வொருவரும் அவரவர் நாட்டுப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று விதி வைத்தார். அவர் தொழிலாளிகளைப் பற்றிச் செய்த பாட்டுகள் அருமையானவை. விதி எனக்குச் சம்மதமில்லை. தேயிலைப் பெட்டி வைத்திருந்த பையன் அந்த விதியைக் கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டான்.

பார்க்க வேண்டிய இடம் வேறு. பாட்டின் லாபம் எங்கே போகிறது என்று பாருங்கள். 1962ல் பீட்டில்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியோடு செய்த ஒப்பந்தப்படி, ஒரு தட்டு விற்றால் ஒரு பென்னி. தலைக்கு ஒரு பென்னியல்ல, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பென்னி! தட்டின் விலை ஆறு ஷில்லிங்குக்கு மேல், அதாவது எழுபது பென்னிக்கு மேல். பீஸ்-ரேட் தோழர்கள் கணக்குப் போட்டுக் கொள்ளலாம். 1963ல் லெனன், மக்கார்ட்னி பாட்டுகளுக்கென்று ஒரு கம்பெனி வைத்தார்கள். பாட்டுக் கட்டியவர்களுக்கு ஆளுக்கு இருபது சதவீதம், பிரசுரித்தவர் தரப்புக்கு ஐம்பது. 1969ல் அந்தக் கம்பெனி அவர்கள் கையை விட்டே போய்விட்டது. 1985ல் மைக்கேல் ஜாக்ஸன் அந்தப் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த கம்பெனியை நாலே முக்கால் கோடி டாலருக்கு வாங்கினார்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது பர்மிங்காம் பட்டணத்துக் கதை. டோனி ஐயோமி, தகரத் தகடு தொழிற்சாலையில் வெல்டர். 1965ல் அவருக்குப் பதினேழு வயது. ஒரு கோஷ்டியோடு ஜெர்மனி போவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பப் போகவில்லை என்றாராம். தாயார்தான், ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். தகட்டை வளைக்கும் பிரஸ்ஸில் வேலை செய்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெஷினில் இவரை நிறுத்தினார்கள். பிரஸ் கையின்மேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்தார். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். ஆகவே கிதாரில் தந்தியை அழுத்தும் கை அதுதான்.

இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். தொழிற்சாலை போர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டு வந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற ஜிப்ஸிக் கலைஞர் வாசித்தது. 1928ல் தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல் முடங்கி, மிச்ச விரல்களால் வாசித்தவர் அவர். ஐயோமி என்ன செய்தார்? பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்தார். வழுக்காமல் இருக்கப் பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார். சாதாரணத் தந்தி விரலுக்கு வலித்தது. பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்தியைப் போட்டார், பின்னால் சுருதியையும் தளர்த்தினார். அப்படித்தான் அந்தக் கனத்த ஓசை பிறந்தது. கூட இருந்தவர்களில் ஓஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர், தகப்பனார் இரவு ஷிப்டுத் தொழிலாளி. அவர்களுடைய 'பிளாக் ஸாபத்' கோஷ்டியின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வந்தது. 2025 ஜூலை 5ந் தேதி தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, கால்பந்து மைதானத்தில், நால்வரும் கடைசியாக வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்து ஓஸி காலமானார்.

விரல் போனவன் மேதையாவான் என்று யாரும் இதற்கு அர்த்தம் செய்து விடக்கூடாது. கடைசி நாள் பையனைப் பழக்கமில்லாத மெஷினில் நிறுத்தியது யார் பொறுப்பு? நம் கார்டிங் பிரிவில் அப்ரண்டிஸ்களை ராத்திரி ஷிப்டில் எந்த மெஷினில் நிறுத்துகிறார்கள் என்று சங்கத்தில் ஒரு பட்டியல் வேண்டும் என்று நான் மூன்று மாதமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறேன்.

லிவர்பூல் என்ன ஆயிற்று என்று கேட்டால், தெற்குத் துறைமுகத்தை 1972ல் மூடினார்கள். வேலை போயிற்று. பீட்டில்ஸ் 292 தடவை வாசித்த காவர்ன் நிலவறையை 1973ல் ரயில் வேலைக்கு வேண்டும் என்று மூடினார்கள். பிறகு அதே தெருவில் 1984ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். மூட்டை தூக்கிய கப்பல்துறையில் இன்று டிக்கட் வாங்கிக் கொண்டு பீட்டில்ஸ் காட்சிசாலை பார்க்கலாம்.

பின்னறையைப் பற்றி என் ஓட்டு, கொடுக்கலாம் என்பதுதான். வாரத்தில் இரண்டு நாள், ஷிப்டு முடிந்து ஒன்பது மணி வரை. வகுப்பு நடக்கும் நாளில் கிடையாது. கரண்டுச் செலவை அவர்களே கட்டட்டும். சாவியை ஆபீஸ் தோழரிடம் எழுதி வாங்க வேண்டும். மனுவில் பெண் தொழிலாளிகளையும் சேர்த்துக் கொண்டு வரச் சொல்லுங்கள், அடுத்த கமிட்டியில் வைக்கிறேன்.