ஒரு புள்ளி வழியே புகுந்தவர்கள்



தோல் தொழிலதிபர்களும் தொழிலாளர்களும் கூடியிருக்கும் ஆம்பூரில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசு என்றார்கள். நல்லவேளை! தோலைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு வகுப்பெடுத்திருப்பீர்கள்.

உங்கள் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் ஒரு தம்பி இருப்பார். ஜிஎஸ்டி, வங்கி, கஸ்டம்ஸின் ஐஸ்கேட், ஜெர்மனிக்காரப் பையருடைய தளம், அத்தனை பாஸ்வேர்டும் அவருடைய நோட்டில் இருக்கும். இல்லையென்றால் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கும். தம்பி லீவு போட்டால் கன்டெய்னர் நின்றுவிடும். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி, யார் எப்போது எதை எடுத்தார் என்று அது கணக்கு வைக்கும். நல்ல ஏற்பாடுதான், நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்தால் என்ன பொறுப்பு வரும் என்று இந்தப் பாலாற்றங்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிட்கோ. அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பல தொழிற்சாலைகளின் கழிவைச் சேர்த்து வைத்த தொட்டியின் சுவர் இடிந்து 10 உயிர் போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமே வேண்டாம் என்று அன்றைக்கு யாராவது சொன்னோமா? சுவரை யார் பார்த்தது என்றுதான் கேட்டோம். பாஸ்வேர்டு பெட்டகத்திடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

நம்ம ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, ஏடி செல்ஃப்சர்வீஸ் ப்ளஸ் என்று ஒரு மென்பொருள் விற்கிறது. பாஸ்வேர்டு மறந்துபோன ஊழியர் தானே புதிதாக மாற்றிக்கொள்ளலாம். உலகம் முழுக்க ஓடுகிறது. நமக்குப் பெருமைதான். 2021-இல் அதன் லாகினில் ஓர் ஓட்டை தெரியவந்தது. உள்ளே சில முகவரிகளுக்குப் போக வேண்டுமானால் யார் நீ என்று கேட்க ஒரு காவல் உண்டு. முகவரியின் எழுத்துகளை வைத்துத்தான் அந்தக் காவல் ஆளை நிறுத்தும். ஆகவே திருடர்கள் முகவரிக்கு முன்னால் ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு சாய்கோடு போட்டார்கள். கணினிக்கு அந்தப் புள்ளியின் பொருள் ‘இதே இடம்’. ஆகப் போய்ச்சேருகிற இடம் மாறவில்லை. ஆனால் காவலின் கண்ணுக்கு அது வேறு முகவரி, விட்டுவிட்டது! பாஸ்வேர்டே கேட்கவில்லை. உள்ளே போனவர்கள் சான்றிதழ்க் கோப்பு மாதிரி பெயர் வைத்து ஒரு திருட்டு நிரலை ஏற்றினார்கள்.

செப்டம்பர் தொடக்கத்திலேயே கம்பெனி ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு கொடுத்துவிட்டது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐயும் இணையப் பாதுகாப்பு முகமையும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து எச்சரித்தன. இனி யார் மாட்டுவார்கள் என்று நினைப்பீர்கள்.

மாட்டியது சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம். நவம்பர் 9 அன்று இதே ஓட்டை வழியாகப் புகுந்தார்கள். கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18 அன்று. போரிலும் இடப்பெயர்விலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் என்று 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரம் திருடர் கையில். இலங்கைப் போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்க்குச் செஞ்சிலுவை யார் என்று தெரியும். அப்படிப்பட்டவர்கள் நம்பிக் கொடுத்த விவரம், ஐயா! அந்தப் பதிப்பை நாங்கள் காலத்தில் போடவில்லை என்று சங்கமே வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. மருந்து வந்தும் இரண்டு மாதம் குடிக்கவில்லை.

தவறு யாருடையது? ஓட்டை விட்டது நம்ம கம்பெனி, அதை ஊர்ப்பாசத்தில் மூடிப் பேச மாட்டேன். அடுத்த ஆண்டே, சரியாகப் பாஸ்வேர்டு பெட்டகமாகவே விற்கும் அவர்களுடைய பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோவில் இன்னோர் ஓட்டை. லாகின் இல்லாமலே அந்தக் கணினியில் கட்டளை ஓட்டலாம். 2022 ஜூனில் அடைத்தார்கள். திருடர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதே அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை செப்டம்பரில் தன் எச்சரிக்கைப் பட்டியலில் ஏற்றியது. இங்கேயும் அதே இடைவெளி! அமெரிக்கக்காரன் செய்த பெட்டகமான ஹாஷிகார்ப் வால்ட் மட்டும் என்ன வாழ்ந்தது? தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ள வேண்டும் இல்லையா? பயனர் பெயரில் ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் சயாட்டா என்ற நிறுவனம் இதை வெளியே சொன்னது.

ஆக, ஓட்டை இல்லாத மென்பொருள் வாங்கலாம் என்ற ஆசையை விடுங்கள். அடைப்பு வந்த நாளுக்கும் நம் மெஷினில் ஏறிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள்? முதலாளிகளே, அந்தக் கணக்கைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். பையருடைய ஆடிட் வருகிறது என்றால் டேனரியில் தரை கழுவி, டிரம் துடைத்து, ரெஜிஸ்டர் அடுக்குகிறோம். கம்ப்யூட்டர் ரூமுக்குள் நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட வந்தால் ஓவர்டைம் கொடுத்தீர்களா? தையல் லைனுக்கு ஓவர்டைம் உண்டு, அவருக்கு இல்லை!

வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் மேசை போட்டிருக்கிறார்கள். உங்கள் கம்பெனியில் ஓடும் மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லுங்கள், பழசா புதுசா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். பாய், பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்!