எரிபொருள் கலம்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது



ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் கிடைக்கும் என்பதை வில்லியம் குரோவ் 1839-லேயே காட்டிவிட்டார். அப்படி மின்சாரம் தரும் கருவிதான் எரிபொருள் கலம்; அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரத்தோடு குடிநீரும் தந்தது அதுதான். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் அதை நம்பித்தான் ஓசையின்றி நீருக்கடியில் ஓடுகின்றன. கருவி இயங்குமா என்ற ஐயம் என்றோ தீர்ந்துவிட்டது. எந்த வேலையை அதனிடம் ஒப்படைப்பது என்பதில்தான் நாம் இன்னும் தடுமாறுகிறோம். மின்கம்பியும் பேட்டரியும் கைவிடும் இடங்களுக்கு அதை ஒதுக்கிவைக்க வேண்டும். எல்லா வண்டிகளிலும் பொருத்த நினைத்தால் அதன் நல்ல பெயரையும் கெடுத்துவிடுவோம் என்பது என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். நீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. அந்த ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றலோ சுமார் 33 யூனிட். 700 பார் அழுத்தத்தில் தொட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் போகிறது. கலத்தில் மறுபடி மின்சாரமாக்கும்போது ஏறக்குறைய பாதி போகிறது. புறப்பட்ட 100 யூனிட்டில் சக்கரத்துக்கு வந்து சேர்வது 30 அளவில்தான். பேட்டரி வழியாகப் போனால் 70-க்கு மேல் சேரும். டொயோட்டாவின் மிராய் 2014-இல் விற்பனைக்கு வந்தது. பொறியியல் நோக்கில் அருமையான கார். ஆனாலும் 2024-இல் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடியது. வாங்குவோர் குறைவு, அதனால் நிலையங்கள் குறைவு, அதனால் வாங்குவோர் இன்னும் குறைவு. ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தாலோ, கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. காரின் பின்னால் நீராவி மட்டும் வரும். புகை வேறு ஊரில்.

எடையைக் கணக்கிட்டால் நிலைமை தலைகீழாகிறது. நூறு கிலோ தொட்டியில் ஐந்தாறு கிலோ ஹைட்ரஜன்தான் கொள்ளும். ஆயினும் அது தரும் 90 யூனிட் அளவு மின்சாரத்தைப் பேட்டரியில் சுமக்க அரை டன் வேண்டும். தூரம் கூடக்கூட இந்த இடைவெளி விரியும். இடையில் சார்ஜ் ஏற்ற வழியில்லாத நீண்ட கடலோரப் பயணத்தில் எதைத் தேர்வது என்பதை இந்த எடையே தீர்மானிக்கும். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைக்கப்பட்ட ஹைட்ரஜன் படகைக் கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். அதே தளம் கொச்சி நீர் மெட்ரோவுக்குக் கட்டியவை பேட்டரிப் படகுகள். குறுகிய நீர்வழிக்குப் பேட்டரி போதும் என்பதை அவை அன்றாடம் காட்டிவருகின்றன. ஹைட்ரஜன் படகு மெய்யாகவே தேர்வெழுத வேண்டிய இடம் நீண்ட கடல்வழி. ரயிலிலும் அப்படியே. ஜெர்மனியின் லோயர் சாக்சனியில் 2018 முதல் ஹைட்ரஜன் ரயில் ஓடியது. அதே மாநிலம் பிறகு புதிய ரயில்களுக்குப் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது. நம் அகலப் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. சென்னை ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான ஹைட்ரஜன் ரயில் பெட்டி பாராட்டுக்குரிய சாதனை. ஆனால் கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைகளுக்கு வெளியே அதற்கு வேலை எங்கே?

வெயிலும் காற்றும் இலவசம், வீணாகும் உபரி மின்சாரத்தில் எவ்வளவு இழந்தால்தான் என்ன என்று கேட்போர் உண்டு. மின்னாற்பகுப்பு ஆலை இலவசம் அல்லவே! உபரி கிடைக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் ஓடினால் அதன் முதலீட்டு வட்டியே ஹைட்ரஜனின் விலையை ஏற்றிவிடும். ஆனாலும் அவர்கள் வாதத்தில் ஒரு பகுதியை மட்டும் நான் ஏற்கிறேன். ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் ஆடியில் சுழன்றடிக்கும் காற்றின் மின்சாரத்தை மார்கழிவரை பேட்டரியில் வைத்திருப்பது கட்டுபடியாகாது. மாதக்கணக்கில் சேமிக்க ஹைட்ரஜனுக்கு இணையானவை மிகச் சிலவே. அங்கே 30 யூனிட் திரும்பினாலும் லாபம்தான்.

தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 19,744 கோடி ரூபாயில், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற இலக்கோடு 2023-இல் ஒப்புதல் பெற்றது. அதில் உரத்துக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் போவது எவ்வளவு, வண்டிக்குப் போவது எவ்வளவு என்பதை இந்த மாநாட்டின் அமர்வுகள் விவாதிக்கட்டும். கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் தம் திட்டத்தில் ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட், கலம் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்ற இரண்டு எண்களை முதலில் சொல்லிவிட வேண்டுகிறேன். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.