பிரதமருக்கு ஓர் அரைமணி

ஓய்வே வாய்க்காத ஒரு நாட்டுத் தலைவர் வாரத்தில் அரைமணி நேரம் தொலைக்காட்சி முன் அமர்வாராயின், எதனைக் காண்பது நன்று? பங்காருபேட்டையிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று வரும் நம் கூட்டத்தினிடையே இவ்வினா எழுந்தது. செய்தி என்றார் ஒருவர். செய்தியில் தலைவர் தம்மையே காண்பார். அதற்கு நிலைக்கண்ணாடி போதும். கிரிக்கெட் என்றார் மற்றொருவர். அது அரைமணியில் முடிவதன்று.

நாம் முதலிற் பரிந்துரைப்பது 'ஜீ மந்திரிஜி' என்னும் இந்தித் தொடர். 2001-ஆம் ஆண்டில் ஒளிபரப்பான இது, பி.பி.சி.யின் 'யெஸ் மினிஸ்டர்' தொடரின் தழுவலாகும். மூலத் தொடரில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குப் பெருவிருப்பம். 1984-இல் அதன் நடிகர்களுடன் மேடையேறி, பொருளியல் அறிஞர்களை ஒழித்துவிட்டால் என்னவென்று வினவும் சிறு நாடகமொன்றில் தாமே நடித்தார்! இந்தியில் மந்திரியாக ஃபரூக் ஷேக்கும், செயலராக ஜயந்த் கிருபளானியும் தோன்றினர். மந்திரி ஆணையிடுவார், செயலர் ஒருபோதும் மறுத்துரையார். குழு அமைப்பார், கருத்துக் கேட்பார், கோப்பினைச் சுற்றுக்கு விடுவார். ஆணை மட்டும் நிறைவேறாது. மைய அரசில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றும் நமக்கு இதில் சிரிப்புச் சற்றுத் தாமதித்தே வருகிறது. 'ஆவன செய்யப்படும்' என்று எத்தனை முறை எழுதியிருப்போம்! செய்பவர் யார் என்பதை அவ்வினை சொல்லாது. இலக்கணமும் அதற்கு இடந்தருகிறது.

அதே 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய ஆழம், நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு, வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஆகிய அனைத்தும் 'நலிவுற்ற நிறுவனம்' என்னும் இரு சொற்களில் அடங்கிவிடும். அச்சொற்கள் பொய்யல்ல, தங்கம் எடுக்கும் செலவு அதன் விலையை விஞ்சியிருந்தது. ஆயினும், நிற்கவும் இடமின்றி அதிகாலை இரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் அவர்தம் பிள்ளைகளை அச்சொற்களில் காண இயலுமோ?

கோப்பு காட்டாத ஊரைக் காட்டுவது 'மால்குடி டேஸ்'. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கன்னடக் கலைஞர் சங்கர் நாக் ஆகும்பேயில் படமெடுத்தார். பாத்திரங்கள் பேசியது இந்தி. பிற மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இக்கலவை புதிதன்று. சிறுவன் சுவாமியும் தபால்காரரும் சிறு கடைக்காரரும் அங்கே பெருஞ்செயல் எதுவும் புரிவதில்லை. அவர்களுடைய கவலைகள் நாலணா, எட்டணா அளவினவே. அவ்வளவு சிறிய கவலையைத் தலைவரிடம் எடுத்துச் செல்வார் எவருமிலர்.

1988-இல் வந்த, கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' தொடரையும் ஒரு முறையேனும் காணவேண்டும். ஒரு பன்றியின் உடலைக் கொண்டு ஓர் ஊரையே எரிக்க முடிந்த 1947-இன் கதை அது.

'பாரத் ஏக் கோஜ்' தொடரை விட்டதேன் என நேயர்கள் கேட்கலாம். அது 53 பகுதிகள். அதன் மூலநூலை நேரு 1944-இல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதினார். அத்தகைய ஓய்வு இந்நாளைத் தலைவருக்கு வாய்க்கவேண்டுமென நாம் விரும்பவில்லை.

பங்காருபேட்டைச் சந்திப்பின் அதிகாலை நடைமேடையைக் குறித்து ஒரு தொடர் வருமாயின், அதனையும் இப்பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.