விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்

(கல்குடாக் கடற்கரைக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களிடம் நாம் பேசியது)



காலையிலிருந்து நம்ம பிள்ளைகள் இந்த மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். துடுப்புக்கும் பந்துக்கும் சண்டை. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க மட்டும் ஆள் இல்லை. ஆகவே ஒரு விக்கெட் காப்பாளரைப் பற்றிப் பேசுவோம்.

லேசான வேலையில்லை அது. டெஸ்ட் போட்டியில் நாளுக்கு 90 ஓவர் என்றால் 540 பந்து. ஒவ்வொன்றுக்கும் குந்தி எழும்ப வேண்டும். நாள் முழுக்கப் பிழையில்லாமல் நின்றாலும் கைதட்டு இல்லை. ஒரு பிடியை விட்டால் ஊரே திட்டும். கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு இது விளங்கும். கூடை நிறைய நல்ல கொழுந்து இருந்தாலும், முற்றின இலை நாலைத்தானே கங்காணி தூக்கிக் காட்டுவார்!

தமிழ்நாட்டுத் தினேஷ் கார்த்திக் 2002இல், 17 வயதில், மாநில அணிக்கு ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் ஆடத் தொடங்கினார். 2004இல் இந்திய டெஸ்ட் அணிக்கும் போனார். அடுத்த வருஷமே தோனி வந்துவிட்டார். காப்பாளர் இடம் ஒன்றுதானே! 2007இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, அந்த டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்கு அதிக ஓட்டம் எடுத்தவரே கார்த்திக்தான். அப்படியும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரிக்குப் பிறகு அவர் அடுத்த டெஸ்ட் ஆடியது 2018 ஜூனில். இடையில் இந்தியா 87 டெஸ்ட் ஆடிவிட்டது.

அந்த எட்டு வருஷமும் அவர் சும்மா இருந்தாரா? இல்லை. மாநில அணிக்குத் திரும்பித் திரும்பி வந்து ஆடினார். 2017 மார்ச்சில் விஜய் ஹசாரே கிண்ண இறுதியாட்டத்தில் வங்காள அணிக்கு எதிராக 112 ஓட்டம். கிண்ணம் தமிழ்நாட்டுக்கு.

அடுத்த வருஷம் மார்ச் 18, நம்ம கொழும்பில் பங்களாதேஷோடு சுதந்திரக் கிண்ண இறுதியாட்டம். 12 பந்தில் 34 ஓட்டம் வேண்டும் என்ற நேரத்தில் இறங்கினார். 8 பந்தில் 29 எடுத்தார். 5 ஓட்டம் தேவையான கடைசிப் பந்தில் ஆறு! உலகம் அந்த எட்டுப் பந்தைப் பேசுகிறது. அதற்கு முந்திய பதினாறு வருஷத்தை யார் பேசுவது? 2021 ஜனவரியில் தமிழ்நாட்டுக்குத் தலைவராக நின்று சையத் முஷ்டாக் அலிக் கிண்ணத்தையும் வென்றார். 2024இல்தான் ஓய்வு பெற்றார்.

பெற்றோரே, கார்த்திக்குக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. இன்னொன்றும் இருந்தது: விழுந்தால் திரும்பிப் போக ஒரு அணி. நம்ம பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் ஒரு தடவை தவறினால் என்ன செய்கிறோம்? "போதும் படிச்சது" என்று கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். கையில் காசில்லாத கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டாம் தடவை எழுத விடுங்கள். பிள்ளை திரும்பி வந்து நிற்க ஒரு இடம் வேண்டும். முதலில் அது நம்ம வீடாக இருக்கட்டும்.